இருண்மையும் ஒளிபுகாமையும்

செய்யுள் ஒன்று பொருள் விளங்காது நின்றால், "இஃது இருண்மை" என்று கூறி நூலை மூடிவிடுதல் திறனாய்வாளர் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அவ்வாறு கூறுவோர், வேறுபட்ட இரு தன்மைகளை ஒரே சொல்லில் அடைத்துவிடுகின்றனர்.

'ஒபாசிட்டி' என்னும் ஆங்கிலச் சொல், 'நிழல் செறிந்தது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. இயற்பியலார் அதனை, ஒளியை ஊடுருவ விடாத தன்மைக்குப் பெயராக்கினர். தாள் செய்வோர், ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கம் தெரியாதிருக்கும் அளவை அதனாற் குறிப்பர். நம் மக்கள் 'கண்ணில் பூ விழுந்தது' என்பதையும் மருத்துவர் அச்சொல்லாலேயே வழங்குவர்.

பால் ஒளிபுகாதது, ஆயினும் வெண்மையானது. சுண்ணாம்புச் சுவரும் அத்தகையதே. இருள் என்பது ஒளி இல்லாமை. ஒளிபுகாமையோ, ஒளி இருந்தும் அது ஊடே செல்லாமை. உள்ளே பொருள் இருந்தும் நம் பார்வை ஊடுருவாத செய்யுளையும், உள்ளே ஒன்றுமே இல்லாத செய்யுளையும் ஒரே பெயரால் அழைத்தல் பொருந்துமா?

நன்னூலார் இவ்வேற்றுமையை நன்கு உணர்ந்தவர். நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் 'மயங்க வைத்தல்' ஒன்று. பத்து அழகுகளுள் 'விளங்க வைத்தல்' ஒன்று. அவர் இவ்வளவோடு நின்றிருந்தால், எளிமையே முடிந்த முடிபு எனக் கொள்ளலாம். ஆனால் அதே பத்து அழகினுள் 'ஆழமுடைத்தாதல்' என்பதையும் வைத்தார். ஆகவே, ஆழம் வேறு, மயக்கம் வேறு. நூலுக்குக் கூறிய இவ்வேறுபாடு செய்யுளுக்கும் பொருந்தும். உள்ளுறையும் இறைச்சியும் கண்ட தமிழ் மரபு, பொருளை மறைத்துவைத்தலைப் பழித்ததில்லை. அகப்பாடலில் தலைவன் தலைவியரின் இயற்பெயர் சுட்டப்பெறாமையும் ஒருவகை மறைப்பே.

இக்கருத்துக்குப் புதிய கூர்மை தந்தவர் மார்த்தினிக்குத் தீவிற் பிறந்த எடுவார் கிளிசான் (1928–2011). 19ஆம் நூற்றாண்டில் தமிழரும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றடைந்த தீவு அது. 1990இல் வெளிவந்த 'உறவின் கவிதையியல்' என்னும் தம் பிரெஞ்சு நூலில், ஒளிபுகாமையை அவர் ஓர் உரிமையாகவே கோரினார். பிறனை முற்றும் அறிந்தால்தான் ஏற்பேன் என்பது அவனை என் அளவுகோலுக்குள் சுருக்குவதாகும். அறியவொண்ணாத பகுதியோடும் அவனை மதித்து உடன்வாழ இயலும் என்பது அவர் கொள்கை. 'விளங்கிக்கொள்ளுதல்' என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லுள் 'பற்றுதல்' அடங்கியிருப்பதை அவர் சுட்டினார். நம் சொல்லிலும் 'கொள்ளுதல்' இருப்பதைக் காண்க!

எனினும் இவ்வுரிமைக்கு எல்லை உண்டு. ஆளப்பட்டோருக்காகக் கோரப்பட்டதை ஆள்வோர் தமக்கெனக் கோரலாகாது. பொதுப்பணத்தின் கணக்கு ஒளிபுகாதிருப்பது உரிமையன்று, குற்றமே. அவ்வாறே, சொல்ல ஒன்றுமில்லாத புலவனும் இக்கேடயத்தின் பின் ஒளிதல் தகாது.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? நல்ல உரை ஒன்று கிடைக்கும்போது, ஆழமான பாட்டு மேலும் வளர்கிறது. வெறும் மயக்கமோ உரை பட்டதும் கரைந்துபோகிறது. முன்னதை ஒளிபுகாமை என்போம். பின்னதை மயக்கம் என்றே சொல்வோம். விளங்காத பாட்டைத் தள்ளுமுன், பூ விழுந்திருப்பது நம் கண்ணிலா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது திறனாய்வாளரின் கடன்.