நாற்பதாயிரம் ரூபாய் கேபிளும் நாணயம் சுண்டின கதையும்

மாமல்லபுரம் பக்கத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது நண்பரின் வீடு. என்னைவிட மூத்தவர். ரிட்டயர்மென்ட் பணத்தில் ஆசையாக ஒரு ஆடியோ ரூம் போட்டிருக்கிறார். போன மாதம் செங்கல்பட்டிலிருந்து பையனோடு போயிருந்தபோது புது ஸ்பீக்கர் கேபிளைக் காட்டினார். மூணு மீட்டர் ஜோடி, நாற்பதாயிரம் ரூபாய். "வீணை பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்கு, கேளுங்க தம்பி."

கேட்டேன். உண்மையைச் சொல்லணும்னா, எனக்கும் பழசைவிட நல்லாத்தான் இருந்தது. அதுதான் உறுத்தியது.

ஏன்னா கணக்கு வேற சொல்லுது. எலக்ட்ரீஷியன் பிளக் பாயின்ட்டுக்கு இழுக்கிற 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரின் தடை மீட்டருக்கு சுமார் 7 மில்லி ஓம். போக மூணு, வர மூணு, ஆறு மீட்டருக்கு சுமார் 0.04 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். ஒயரில் போகிற இழப்பு 0.05 டெசிபல்கூட இல்லை. பாட்டில் ஒரு டெசிபல் வித்தியாசத்தையே கூர்ந்து கவனிச்சாத்தான் பிடிக்க முடியும். விளம்பரங்கள் 'ஸ்கின் எஃபெக்ட்' என்று மிரட்டும். அது நிஜம்தான், ஆனால் அதன் ஆட்டமெல்லாம் மெகாஹெர்ட்ஸில். 20 கிலோஹெர்ட்ஸில் அந்த 0.04 கொஞ்சம் கூடும், அவ்வளவே.

சரி, சோதிச்சுப் பார்ப்போம் என்றேன். பையன் நாணயத்தைச் சுண்டி, விழுவதற்கேற்ப பழைய ஒயரையோ புது கேபிளையோ மாட்டி, பெட்ஷீட்டால் மூடிவிட்டு வெளியே போய்விடுவான். பிறகுதான் நாங்கள் உள்ளே வருவோம். அதே பாட்டு, அதே வால்யூம், பத்து ரவுண்டு. ஒன்பது சரியாச் சொன்னா நான் தோற்றதாக முதலிலேயே பேச்சு. அவர் ஆறு, நான் நாலு. குருட்டாம்போக்கில் சொன்னாலே ஆறோ அதற்கு மேலோ வர நூற்றுக்கு 38 வாய்ப்பு உண்டு. ஒன்பதோ பத்தோ வர நூற்றுக்கு ஒன்றுதான்.

பத்து ரவுண்டு போதுமா? நியாயமான கேள்வி. 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஹை-ரெஸ் ஒலி ஒரு பக்கம், அதையே சிடி தரத்துக்கு இறக்கினது மறுபக்கம். 554 முயற்சிகளில் 276 சரி. சரிபாதிக்கு ஒன்று குறைவு! அது கேபிள் சோதனை இல்லை. ஆனால் கருவியில் தெளிவாகத் தெரிகிற வித்தியாசமே காதுக்குப் பிடிபடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதுக்காக எல்லாமே ஏமாத்துன்னு சொல்ல வரல. ஸ்பீக்கர் மாறினால் ஒலி மாறும். ரூம் மாறினாலும் மாறும். அவர் ரூமில் வெறும் சுவர், டைல்ஸ் தரை. கை தட்டினால் கணகணங்குது. தடிமனான திரைச்சீலையும் ஒரு கார்ப்பெட்டும் போட்டிருந்தால் நிஜமாகவே வித்தியாசம் கேட்டிருக்கும். கடலோர உப்புக்காத்தில் செம்பு பச்சை பிடிக்கும், தங்க முலாம் பூசின பின் பிடிக்காது. அந்தச் செலவில் அர்த்தம் உண்டு. ஆனால் அது ஆயுளுக்கு, இனிமைக்கு இல்லை.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பணம் போனா போகுது. அப்போ நான் கேட்டது பொய்யா தம்பி?" என்றார்.

பொய் இல்லை சார். கண் பார்த்த விலையையும் சேர்த்துத்தான் மூளை பாட்டு கேட்கிறது. எனக்கும் அப்படித்தான் கேட்டது. குறை நம்ம காதில் இல்லை, ஒரு சோதனைகூடக் காட்டாமல் விலை மட்டும் சொல்கிறவர்களிடம் இருக்கு.

நீங்கள் வாங்கப் போனால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மூடி வெச்சு மாத்திக் காட்டுவீங்களா?"