சீட்டுக் கலைக்கும் யந்திரம்

பொய் சொல்வதற்கென்றே ஏற்பட்ட ஆட்டங்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. ஆயினும், பாட்டி முதல் பேரன் வரை ஒரு குடும்பம் முழுவதும் பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே வாய் கூசாமல் புளுகி, புளுகு பலித்தால் கைகொட்டிச் சிரித்து, பலிக்காவிட்டால் நடுவில் குவிந்து கிடக்கும் சீட்டையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வாரிக்கொள்ளும் 'பிளஃப்' ஆட்டத்துக்கு நிகராக நிர்த்தோஷமான பொய்யாட்டம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சீட்டு முழுவதையும் எல்லோருக்கும் பகிர்ந்துவிட்ட பிறகு, முதல் ஆள் சில சீட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு 'மூணு ராஜா' என்று பிரகடனம் செய்கிறான்; அடுத்தவள் 'இன்னும் ரெண்டு ராஜா' என்கிறாள்; ஒரு கட்டில் நான்கு ராஜாவுக்கு மேல் கிடையாது என்ற ஞானம் உடையவர் எவரோ அவர் தடுத்துக் கேட்க வேண்டும்; கேட்டது சரியானால் பொய் சொன்னவர் குவியலை எடுத்துக்கொள்ள வேண்டும், தவறானால் கேட்டவரே எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்கத் துணிவில்லாமல் எல்லோரும் 'பாஸ்' சொல்லிவிட்டால் அந்தக் குவியல் ஓரமாகத் தள்ளப்படும். கை முதலில் காலியாகிறவருக்கு ஜயம். எங்கள் ராயபுரத்து வீட்டில் தடுத்துக் கேட்பதற்கு உபயோகமாகும் சொல் 'பீலா' என்பதே. "பீலா வுடாத அத்தே, சீட்டைக் காட்டு!" என்று பத்து வயதுப் பையன் அறுபது வயது அத்தையைப் பார்த்துக் கூவுவதற்கு அந்தப் பாயில் மட்டுமே அனுமதி உண்டு.

இப்படிப் பொய்யையே தர்மமாகக் கொண்ட இந்த ஆட்டத்தில் உண்மை நிலவவேண்டிய இடம் ஒன்றே ஒன்று. அது சீட்டைக் கலைக்கும் இடம். கலைப்பவர் கை சுத்தமாக இல்லாவிட்டால், அதற்குப் பிறகு சொல்லப்படும் பொய்களுக்கெல்லாம் ரசம் போய்விடுகிறது. ஆகையால், மனிதர் கையிலிருந்து அந்த ஒரு காரியத்தை மட்டும் வாங்கிக்கொண்டு செய்து தருவதாகச் சொல்லும் மின்கல யந்திரம் ஒன்றை, உற்பத்தியாளர் பெயர்கூட அச்சிடப்படாத ஓர் அட்டைப்பெட்டியில், ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, இந்தக் கோடை முழுவதும் பரீட்சை செய்து பார்த்தேன்.

கோடை என்று சொன்னதற்குக் காரணம் பள்ளி விடுமுறை மட்டுமன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாதென்பது விதி. காசிமேட்டுத் துறைமுகத்தில் லாஞ்சுகள் வரிசையாகக் கட்டுண்டு கிடக்கும் அந்த நாட்களில், மற்ற மாதங்களில் நள்ளிரவுக்கு மேல் கிளம்பிவிடும் மச்சான்மார் வீட்டில் இருக்கிறார்கள். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்து வரும் சித்தப்பாமாரும் வந்து சேர்ந்துகொண்டால் ஒரு கட்டு போதாமல் இரண்டு கட்டுச் சீட்டு வேண்டியதாகிவிடும். இரண்டு கட்டு என்றால் 104 சீட்டு. அத்தனை சீட்டையும் கையில் அடக்கிக் கலைப்பது விரல்மூட்டு வீங்கிய வயோதிகர்களுக்கு எத்தனை சிரமம் என்பதை, தன் முறை வந்தபோதெல்லாம் "நீயே போடு கண்ணு" என்று பக்கத்திலிருப்பவரிடம் தள்ளிவிட்டு வந்த என் பெரியம்மாவைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

யந்திரத்தின் அமைப்பு மிகவும் எளியது. இரு பக்கமும் இரண்டு மேடைகள். கட்டை ஏறக்குறையச் சரிபாதியாக வெட்டி அவற்றின்மேல் வைக்க வேண்டும். ஒவ்வொரு மேடையின் அடியிலும் ரப்பர் உருளை ஒன்று. பொத்தானை அழுத்தினால் நான்கு மின்கலங்களின் பலத்தால் உருளைகள் சுழன்று, அடிச்சீட்டை ஒவ்வொன்றாக நடுப்பள்ளத்துக்குள் தள்ளுகின்றன. இடத்திலிருந்து ஒன்று, வலத்திலிருந்து ஒன்று என மாறி மாறி விழுந்த சீட்டுகள் கீழே ஒரு தட்டில் சேர்கின்றன. தட்டை இழுத்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு தடவை கலைக்கச் சில விநாடிகளே ஆகின்றன. சப்தம் மட்டும், நூல் சிக்கிய தையல் மிஷினை விடாமல் மிதித்தாற்போல இருக்கிறது. இரவுப் பணி முடித்து வந்தவர் எவராவது அடுத்த அறையில் உறங்கினால் இதைத் தொடாதிருப்பதே நலம். மின்கலத்தில் ஓடுவது இதன் பெரிய குணம். மே மாதத்தில் மின்சாரம் நின்றுபோனாலும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆட்டம் நடக்கிறது. அந்த வெளிச்சத்தில் பொய் சொல்பவருக்கு அனுகூலம் சற்று அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் யந்திரம் கலைக்கிறதா என்பதே கேள்வி. வெறுமனே இடம் மாற்றுகிறதா? பிளஃப் ஆட்டம் முடிந்து சீட்டுகளை அள்ளும்போது, ராஜா என்று சொல்லிப் போட்ட குவியலில் பொய்யாகப் போட்டவற்றுக்கு நடுவே உண்மையான ராஜாக்களும் பெரும்பாலும் சேர்ந்தே கிடப்பார்கள். நான்கு ராஜாவும் கட்டின் மேலே அடுத்தடுத்து இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கலைக்காமலே நான்கு பேருக்கு ஒவ்வொன்றாகப் போட்டால் ஆளுக்கு ஒரு ராஜா கிடைக்கும். யந்திரம் பிசகாமல் இடது வலது என்று மாற்றித் தள்ளுமானால், ஒரு தடவைக்குப் பிறகு ராஜாக்களுக்கு நடுவே ஒவ்வொரு வேற்றுச் சீட்டு வந்துவிடும். அப்போது இரண்டு பேருக்கு இரண்டிரண்டு ராஜா. இரண்டாம் தடவைக்குப் பிறகு அவை நான்கு சீட்டுக்கு ஒன்றாக விலகிநிற்கும். அப்போது நான்கு ராஜாவும் ஒரே ஆளின் கையில் வந்து விழும்! கலைக்கக் கலைக்கச் சமநிலை கெடுகிறதே என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை. துளியும் பிசகாத கலைப்பு கலைப்பே அன்று, கணக்கு. அவ்விதம் அணுவும் பிசகாமல், மேல்சீட்டு மேலேயே நிற்கும்படி எட்டு முறை கலைத்தால் 52 சீட்டும் பழைய வரிசைக்கே திரும்பிவிடும் என்பது கணித சாஸ்திரிகளும் மாயவித்தைக்காரர்களும் நெடுநாளாக அறிந்த விஷயம்.

அதிர்ஷ்டவசமாக, ஆயிரம் ரூபாய் யந்திரத்துக்கு அத்தனை சுத்தம் கிடையாது. சில சமயம் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு விழுகிறது, சில சமயம் ஓர் உருளை முந்திக்கொள்கிறது; இந்தக் குறையே இதன் குணமாக முடிகிறது. மாயவித்தைக்காரராக இருந்து புள்ளியியல் பேராசிரியரான பெர்சி டயகோனிஸ், டேவ் பேயர் என்னும் மற்றொரு கணித வல்லுநருடன் சேர்ந்து 1992-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனிதர் கையால் இரண்டாக வெட்டிக் கோத்துக் கலைப்பதானால் ஒரு கட்டு நன்றாகக் கலைய ஏறக்குறைய ஏழு தடவை வேண்டும் என்று காட்டினார். பிற்பாடு சூதாட்ட விடுதிகளுக்கான யந்திரம் ஒன்றைச் சோதிக்க அவரும் சூசன் ஹோம்ஸும் அழைக்கப்பட்டபோது, ஒரே தடவையில் கலைத்துவிடுவதாகச் சொல்லப்பட்ட அந்த யந்திரத்திலிருந்து வந்த கட்டில், ஒவ்வொரு சீட்டையும் திருப்பிப் பார்த்துக்கொண்டே அடுத்ததை ஊகிக்கும் சாமர்த்தியசாலி 52-க்குச் சராசரியாக ஒன்பதரைச் சீட்டைச் சரியாகச் சொல்லிவிடலாம் என்று கண்டார்கள். நன்றாகக் கலைந்த கட்டானால் நாலரைக்கு மேல் சொல்ல முடியாது. பெரிய விடுதிகளின் யந்திரத்துக்கே அந்தக் கதி என்றால் நம் வீட்டு யந்திரத்தை ஒரே தடவையில் நம்புவது பேதைமை. பொத்தானை ஆறேழு தடவை அழுத்துங்கள். ஒவ்வொரு தடவைக்கும் நடுவே கட்டைக் கையால் தாறுமாறாக ஒரு வெட்டு வெட்டுங்கள். இத்தனைக்கும் ஓரிரு நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

சீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். கடற்கரையை ஒட்டிய எங்கள் பேட்டைகளில் காகிதச் சீட்டு உப்புக் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி, ஓரம் வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; அப்படிப்பட்ட கட்டை வைத்தால் உருளை திணறி நின்றுவிடுகிறது, அல்லது நடுச்சீட்டை மடக்கிக் கசக்கித் துப்புகிறது. மடிந்த மூலையுள்ள சீட்டு பிளஃப் ஆட்டத்துக்கு உதவாது. முதுகைப் பார்த்தே இன்ன சீட்டு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் சீட்டானால் இந்த உபத்திரவம் இல்லை. அகலம் இரண்டரை அங்குலமுள்ள சீட்டு மேடையில் கச்சிதமாகப் பொருந்துகிறது. இரண்டேகால் அங்குலச் சீட்டு சற்றே கோணலாக நழுவுகிறது. எண்ணூரில் நிலக்கரித் தூசும் சாம்பலும் படியும் வீடுகளில் உருளைகள் சீக்கிரம் பிடிப்பை இழக்கின்றன. ஸ்பிரிட் தொட்ட துணியால் அவ்வப்போது துடைத்தால் சரியாகிவிடும். எங்கள் வீட்டு இளைஞன் ஒருவன், சந்துக்குச் சந்து கேரம் மன்றம் உள்ள வட்டாரத்தில் பிறந்த வாசனையால், சீட்டு வழுவழுப்பாக ஓடட்டும் என்று கேரம் பவுடரைத் தூவிவிட்டான். உருளைகள் அமோகமாகச் சுழன்றன, சீட்டு ஒன்றுகூட நகரவில்லை.

இவ்வளவு உபாதி எதற்கு, கைப்பேசியிலேயே பிளஃப் ஆடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆடலாம், ஊரடங்குக் காலத்தில் ஆளுக்கொரு வீட்டில் அடைபட்டிருந்தபோது நாங்களும் ஆடினோம். அங்கே கலைப்பதில் சிரமமில்லை. அரை நொடியில் முடிந்துவிடுகிறது. ஆனால் 'மூணு ராணி' என்று சொல்லும்போது சித்தப்பாவின் காது சிவப்பதையும், உண்மையான சீட்டைப் போடும்போது மட்டும் அத்தை வேண்டுமென்றே தடுமாறுவதையும், பொய் சொல்லிவிட்டுக் குழந்தை உதட்டைக் கடிப்பதையும் எந்தத் திரை காட்டுகிறது? செயலியில் பொய் சொல்வது ஒரு பொத்தானை அழுத்துவதோடு முடிந்துபோகிறது. அதை முகத்தில் சுமந்து உட்கார்ந்திருக்கும் அவஸ்தையே ஆட்டத்தின் ஜீவன். யந்திரத்துக்குக் கொடுக்க வேண்டியது முகம் தேவைப்படாத வேலையை மட்டுமே. அந்த விவேகம் இந்தப் பெட்டிக்கு இருக்கிறது, செயலிக்கு இல்லை.

சீட்டுக்கட்டு என்றாலே போலீஸ் என்று அஞ்சும் பெரியவர்களும் உண்டு. 1888-ஆம் ஆண்டின் சென்னை நகரப் போலீஸ் சட்டத்திலேயே சூதாட்டத்துக்கான ஷரத்துகள் இருக்கும்போது அந்த அச்சத்தை முழுவதும் பழிக்கவும் முடியாது. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, ஃபிளஷ் போன்ற மூன்று சீட்டு ஆட்டங்களைப் போன்றதன்று என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் பிரித்துக் காட்டியது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடெங்கும் தடுக்கும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. பிளஃப் ஆட்டத்தில் பந்தயம் என்பதே கிடையாது. தோற்றவர் எழுந்து போய் எல்லோருக்கும் டீ போடவேண்டும் என்பதே எங்கள் வீட்டு அபராதம்.

நான்கு பேர் மட்டுமே ஆடும் வீட்டுக்கு இந்த யந்திரம் அநாவசியம், கையே போதும். எட்டுப் பேர் கூடி இரண்டு கட்டு வைத்து ஆடுகிறவர்கள், அல்லது விரல் ஒத்துழைக்காத முதியவர் வீட்டில் உள்ளவர்கள், தாராளமாக வாங்கலாம். 104 சீட்டையும் ஏற்கும் பெரிய அளவையே கேட்டு வாங்கவேண்டும், ஒரு கட்டு அளவுள்ளதை வாங்கிவிட்டு அடைத்துத் திணித்தால் உருளை தாங்காது. என் பெரியம்மா இப்போது தன் முறையைப் பிறருக்குத் தள்ளுவதில்லை. பொத்தானை அழுத்திவிட்டு, அது ஓடி நிற்பதற்குள், கையில் சீட்டே வருவதற்கு முன்பாகவே, "எனக்கு நாலு ஏஸ் வந்திருக்கு" என்று அறிவித்துவிடுகிறார்.