அவரைக் கொடுத்து இவரை வாங்கலாமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து பட்டரவாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் ஆவடி நான்கு ஸ்டேஷன்தான். 2025 நவம்பரின் முதல் இரண்டு வாரங்களில், அந்த நான்கு ஸ்டேஷனுக்குள் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி தினமும் ஒருமுறை கலைக்கப்பட்டு மறுபடி கட்டப்பட்டது. ஜடேஜாவைக் கொடுத்து ராஜஸ்தானின் விக்கெட் கீப்பர் சஞ்சு சாம்சனை வாங்கலாமா, கூடாதா? கதவோரம் நின்றவர், டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கப் பார்த்தவர் என எல்லாரிடமும் ஒரு தீர்ப்பு இருந்தது. அமெரிக்காவில் என்.பி.ஏ. கூடைப்பந்து ரசிகர்கள் வருடம் முழுக்க நடத்துகிற வழக்கு இது. எந்த அணி யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம் என்ற கற்பனைப் பேரம் அங்கே ஆட்டத்துக்கு இணையான பொழுதுபோக்கு. ஐபிஎல் வழியாக அது நம் ரயில் பெட்டிக்கும் வந்துவிட்டது.

வெட்டிப்பேச்சு என்று இதை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு சிக்ஸருக்குக் கைதட்டுவதற்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு டிரேடை எதிர்த்தோ ஆதரித்தோ பேச வேண்டுமானால் அணி எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஜடேஜாவின் சம்பளம் 18 கோடி, சஞ்சுவுக்கும் 18 கோடி. மேலோட்டமாகப் பார்த்தால் சரிக்குச் சரி. ஆனால் ஜடேஜாவுக்கு 37 வயது நெருங்கிக்கொண்டிருந்தது, சஞ்சுவுக்கு 31. சென்னை அந்த ஆண்டு தன் வரலாற்றிலேயே முதல்முறையாகப் புள்ளிப் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்திருந்தது. தோனிக்குப் பிறகு ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கப்போவது யார் என்ற கேள்வியும் பல வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இதெல்லாம் கொடுக்கலாம் என்பவர்கள் கட்சி. வேண்டாம் என்றவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள்: ஜடேஜா ஒருவர் போனால் நான்கு ஓவர் இடக்கைச் சுழல், கீழ்வரிசை பேட்டிங், பாயிண்டில் ஒரு ஃபீல்டர் என்று மூன்று ஓட்டை விழும், அதை எதை வைத்து அடைப்பது?

நல்ல கேள்வி. நவம்பர் 15 அன்று டிரேட் அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 16 ஏலத்தில் சென்னை 20 வயது பிரசாந்த் வீர் என்ற இடக்கைச் சுழல் ஆல்ரவுண்டரை 14.20 கோடிக்கு வாங்கியது. இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாத பையனுக்கு அவ்வளவு பணம் ஏன் என்று வியந்தவர்கள் உண்டு. ரயிலில் அந்த மூன்று ஓட்டையை எண்ணியவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

குறைக்கு வருகிறேன். நம் வாதங்கள் பெரும்பாலும் ஒரே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தே நடக்கின்றன. நமக்கு வேண்டாதவரைக் கொடுத்து வேண்டியவரை வாங்குகிறோம். எதிரே இருக்கிற அணி ஏன் தலையாட்ட வேண்டும் என்று யோசிப்பதில்லை. உண்மையான பேரம் சிக்கியதே எதிர்ப்பக்கத்தில்தான். ஜடேஜாவோடு சென்னையின் வெளிநாட்டு வீரர் சாம் கரனையும் ராஜஸ்தான் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. ஓர் அணிக்கு வெளிநாட்டு வீரர்கள் எட்டுப் பேர்தான். ராஜஸ்தானிடம் அந்த எட்டு இடமும் நிரம்பியிருந்தது. ஒருவரை வெளியே அனுப்பாமல் கரன் உள்ளே வர முடியாது. ராஜஸ்தானின் வெளிநாட்டு வீரர்கள் ஹசரங்காவும் தீக்ஷனாவும் அந்தச் சமயத்தில் விடுவிக்கப்பட்டார்கள். ஜடேஜாவின் சம்பளம் 14 கோடியாகக் குறைந்தது. இதனால் கரனின் 2.4 கோடியைச் சேர்த்தும் ராஜஸ்தானுக்கு 1.6 கோடி மிச்சம், சென்னைக்கும் 2.4 கோடி மிச்சம். வீரரே சம்பளத்தில் இறங்கி வருவார் என்பது நான் கேட்ட எந்த வாதத்திலும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத கணக்கும் உண்டு. 2023 நவம்பரில் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்கு மாறினார். சம்பளம் 15 கோடி என்பது ஊருக்கே தெரியும். மும்பை குஜராத்துக்குக் கொடுத்த தொகை அறிவிக்கப்படவில்லை. முக்கியமான எண்ணை மறைத்துவிட்டு லாப நட்டம் பேசச் சொன்னால் யாரால் பேச முடியும்?

இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம். எனக்குப் பெரிய உறுத்தல் வேறு. 'கொடு', 'வாங்கு', 'தள்ளிவிடு' என்று பேசிப் பேசி, அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருப்பதையே மறந்துவிடுகிறோம். 2024 சீசனில் ஹர்திக்கை வான்கடேயில் சொந்த அணியின் ரசிகர்களே கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். அணியோ முடிவெடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. வசவெல்லாம் வாங்கியவர் வீரர்.

ஜடேஜாவின் கதை இன்னும் கசப்பானது. 2008-ல் கோப்பை வென்ற ராஜஸ்தான் அணியில் அவர் 19 வயதுப் பையன். 2010-ல், ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு தானே பேசினார் என்பதற்காக அந்த சீசன் முழுவதும் ஆடத் தடை விதிக்கப்பட்டது. விதி விதிதான், மறுக்கவில்லை. ஆனால் அணிகள் தங்களுக்குள் பேசினால் வியாபாரம், வீரர் தனக்காகப் பேசினால் குற்றம் என்ற ஏற்பாட்டை நம் டிரேட் வாதங்கள் ஒருநாளும் தொட்டதில்லை. 15 வருடம் கழித்து அதே ராஜஸ்தானுக்கு அவரை அனுப்பலாமா என்று நாம் வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து நமக்குக் கோப்பை வாங்கித் தந்தவர் அவர்.

ஐபிஎல்லில் வீரரின் சம்மதம் இல்லாமல் டிரேட் நடக்காது. என்.பி.ஏ.வில் மிகச் சிலரைத் தவிர மற்ற வீரர்களுக்கு அந்த உரிமை கிடையாது. 2025 பிப்ரவரியில் டல்லாஸ் அணி 25 வயது லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஆண்டனி டேவிஸை வாங்கியபோது, லூகாவுக்கே விஷயம் கடைசியில்தான் தெரிந்தது. முந்தைய வருடம்தான் அவர் டல்லாஸை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோயிருந்தார். அங்கே விவாதிக்கிறவர்கள் சம்மதத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கு ஒரு காரணமாவது உண்டு. நமக்கு அந்தக் காரணமும் இல்லை.

எஸ்டேட்டில் ஒப்பந்தத் தொழிலாளியை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது யாரும் அவரைக் கேட்பதில்லை. அது எவ்வளவு வலிக்கும் என்று பட்டரவாக்கத்தில் ரயில் ஏறுகிற பலருக்கும் தெரியும். அதனால்தான் அவர்களிடம் இதைச் சொல்லத் துணிகிறேன்: வாதம் தொடரட்டும், கணக்கு இன்னும் கூர்மையாகட்டும். அடுத்த முறை யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம் என்று தொடங்கும்போது, எதிர் அணியின் நாற்காலியில் ஒரு ஸ்டேஷன் தூரமாவது உட்கார்ந்து பாருங்கள். அதற்கும் முன்னால், போகிறவருக்குப் போக விருப்பமா என்று கேளுங்கள்.