கரையில் நிற்கும் சட்டம்

வலையில் சிக்கிய அம்மணி உழுவை என்னும் திமிங்கலச் சுறாவை மீனவர்கள் வலையறுத்து விடுவிக்கும் காணொளி அவ்வப்போது கைபேசிகளில் சுற்றுகிறது. அதிகாரிகள் சால்வை போர்த்துகிறார்கள், நாளிதழ்கள் படம் போடுகின்றன, கடலுக்கும் தமக்கும் தொடர்பே இல்லாத எங்கள் போடிநாயக்கனூரிலும் பலர் பார்த்து நெகிழ்கிறார்கள். அந்தப் படகில் இருந்தவர்கள் பாராட்டுக்கு உரியவர்களே. ஆனால் அதைச் சான்றாக வைத்து, தவறிச் சிக்கும் சுறாக்களைக் காக்க வழி கிடைத்துவிட்டது, பட்டியலில் சேர்த்து, கரைக்குக் கொண்டுவந்தால் தண்டித்து, சிக்கியதை விடச் சொன்னால் போதும் என்று எழுதுகிறார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

குஜராத்தில் இந்த வழி பலித்தது உண்மை. 2001இல் அம்மணி உழுவை காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது. 2004இல் தொடங்கிய இயக்கத்தில் ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு அதைப் பிறந்த வீட்டுக்குப் பிரசவத்துக்கு வரும் மகள் என்று பேச, மீனவர்கள் செவிசாய்த்தார்கள். அறுத்த வலைக்கு இழப்பீடும் கிடைத்தது. ஈரல் எண்ணெய்க்காகக் கொல்லப்பட்டுவந்த உயிர் நூற்றுக்கணக்கில் கடலுக்குத் திரும்பியது. 2015இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதியை ஒன்றிய அரசு தடுத்ததும் நல்ல காரியம்.

ஆனால் சுறாக்களில் அம்மணி உழுவை ஒரு விதிவிலக்கு. பேருந்து அளவு உடம்பு, தூரத்திலேயே தெரிந்துவிடும்; வலைக்குள் வெகுநேரம் உயிரோடும் இருக்கும். கொம்பன் சுறாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதன் செவுளில் தண்ணீர் ஓடும். மாலையில் விட்ட வழிவலையில் நள்ளிரவில் தலை மாட்டினால், திமிறத் திமிற நைலான் இறுகும், செவுள் மூடிக்கொள்ளும். விடியற்காலையில் வலையை இழுக்கும்போது தளத்தில் வந்து விழுவது விறைத்துப்போன பிணம். அதை எங்கே விடுவிப்பது?

என் நெடுநாள் ஆட்சேபம் இங்கேதான் இருக்கிறது. சட்டம் கரையில் நிற்கிறது. சாவு கடலில் நடக்கிறது. பட்டியலில் உள்ள சுறா செத்து வலையில் வந்தால் படகோட்டிக்கு முன்னால் இரண்டு வழிகள்தான். கரைக்குக் கொண்டுவந்தால் வழக்கு: முதல் அட்டவணை உயிரென்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். கடலில் தள்ளிவிட்டால் ஒன்றுமில்லை. குடும்பம் உள்ள எவரும் தள்ளிவிடத்தான் செய்வார். மறுநாள் துறைமுகத்தில் கணக்கெடுப்பவரின் ஏட்டில் அந்த இனத்துக்கு நேராகச் சுழியம். அந்தச் சுழியத்தைக் காட்டி, பிடிப்பு நின்றுவிட்டது என்று அறிக்கை எழுதலாம். சுறா செத்தது செத்ததுதான். எத்தனை செத்தன, எந்தக் கடலில், எந்த மாதத்தில், குட்டியா சினையா என்று அறியும் வழியையும் நாமே அடைத்துவிட்டோம்.

எங்கள் பக்கத்து நியாயத்தைச் சொன்னால் இது எளிதில் விளங்கும். போடிமெட்டுக்கு ஏறும் சரிவுகளில் பன்றிக்கு வைத்த கண்ணியில் மிளா மாட்டும், சில நேரம் சிறுத்தையும் மாட்டும். அங்கே சட்டம் கண்ணி வைப்பதையே குற்றம் என்கிறது. தோட்டக்காரர் பன்றிக்குத்தான் வைத்தேன் என்று தப்பிக்க முடியாது. கடலில் வலைக்கு உரிமம் கொடுக்கிறோம், விரிக்க டீசலுக்கு மானியம் கொடுக்கிறோம், அதில் செத்த மீனைத் தொட்டால் மட்டும் குற்றம் என்கிறோம்.

கரையிலாவது இந்தச் சட்டத்துக்குக் கண் தெரிகிறதா? போடிச் சந்தையில் ஏலத்தோட்டத்துக்கு ஏறும் சனம் வாங்கிப்போகும் கருவாட்டில் சுறாவும் உண்டு. தலை இல்லை, துடுப்பு இல்லை, தோல் இல்லை. உப்புப் பூத்து வெளுத்த, விரல் கனத்துக் கீற்றுகள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று கேட்டு வாங்குகிறார்கள். அது பட்டியலில் உள்ளதா இல்லாததா என்று கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. சோதனைக்கு வரும் அதிகாரி பார்த்த பார்வையில் சொல்லிவிடவும் முடியாது.

வழிவலையைவிடக் கொடியது இழுவைமடி. அடிக்கடல் முழுவதையும் வாரிக்கொண்டு வருகிற அதன் பையில், பிறந்து சில வாரமான சுறாக்குட்டிகளும் திருக்கைக் குஞ்சுகளும் நசுங்கிக் கிடக்கும். சங்காயம் என்னும் கழிவுமீன் குவியலோடு அள்ளப்பட்டுக் கோழித்தீவனத்துக்குப் போகும். நெத்திலியைப் போல ஆயிரக்கணக்கில் முட்டையிடும் இனம் இதைத் தாங்கும். பால்சுறா ஓர் ஈற்றில் சில குட்டிகள்தான் போடும். ஆழ்கடலின் கசைவால் சுறாவுக்குப் பெரும்பாலும் இரண்டே. 1970க்குப் பின் அரை நூற்றாண்டில் பெருங்கடல் சுறா, திருக்கைகள் 71 விழுக்காடு குறைந்துவிட்டன என்று 2021இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொன்னது. புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய சுறா 1979க்குப் பிறகு உறுதியாகக் கண்ணில் படவில்லை. அதுவும் 2001 முதல் முதல் அட்டவணையில்தான் இருக்கிறது.

பட்டியல் எழுதப்பட்ட கதையே இந்தக் கோளாறைச் சொல்லும். 2001 ஜூலையில் சுறா, திருக்கை அத்தனையையும் ஒரே அறிவிப்பில் தடை செய்தார்கள். மீனவர்கள் கொதித்தெழுந்ததும் டிசம்பரில் அது பத்து இனமாகச் சுருங்கியது. 2022 திருத்தத்தில் பட்டியல் மறுபடி நீண்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நீட்டியபோதும் குறுக்கியபோதும் வலையின் கண்ணைப் பற்றியோ, தண்ணீரில் அது கிடக்கும் நேரத்தைப் பற்றியோ அதில் ஒரு வரி இல்லை. பட்டியல் வனத்துறையிடம், வலை மீன்வளத்துறையிடம். தலைமுறை தலைமுறையாக ஆயிரங்கால் தூண்டிலில் சுறா பிடித்த குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்களுக்கு எந்தச் சுறா எங்கே குட்டிபோடும் என்று தெரியும். அவர்களிடமும் இந்தப் பட்டியல் தண்டனையாகத்தான் போய்ச் சேர்ந்தது.

செத்ததைக் கொண்டுவரலாம் என்றால் எல்லாரும் 'செத்துத்தான் வந்தது' என்பார்களே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. விற்கவிடக் கூடாது, அவ்வளவுதான். பிடித்தவரின் பெயரில் வழக்கு இல்லாமல் ஒப்படைக்கட்டும், அளந்து பதியட்டும், அறுபட்ட வலைக்குக் காசு கொடுக்கட்டும். மீதி வேலை கருவிகளில் இருக்கிறது. தூண்டில் நுனியில் எஃகுக் கம்பி இருந்தால் சுறாவால் கடித்துத் தப்ப முடியாது. நைலான் என்றால் முடியும். மேற்கு, மத்திய பசிபிக் மீன்வள ஆணையம் 2024 முதல் வெப்பமண்டலக் கடலில் அந்தக் கம்பியைத் தடை செய்துவிட்டது. நாம் இன்னும் பிணத்தைத்தான் தடை செய்துகொண்டிருக்கிறோம்.

கருவிமேல் விதி வகுத்தால் மீனவர் ஏற்க மாட்டார் என்பதும் சரியில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கின்றன. முணுமுணுப்போடு என்றாலும் அந்த விதி நடக்கிறது. படகும் ஆட்களும் கரையில் இருக்கும் அந்தந்தக் கடற்கரையின் தடைக்காலத்தில் மீன்வளத்துறையும் வனத்துறையும் சேர்ந்து தூத்தூருக்கும் காசிமேட்டுக்கும் போகட்டும். குட்டிபோடும் இடங்களைக் குறிக்கட்டும், வலை கிடக்கும் நேரத்துக்கு வரம்பு பேசட்டும், கம்பியை மாற்றிக் கொடுக்கட்டும். சால்வை பிறகு போர்த்தலாம்.