வாசகர் படைத்த பூதங்கள்

பகடையும் பென்சிலுமாக மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் அதன் மாந்தராகவே பேசி ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டை விரும்பியோருக்காக 1977இல் பிரிட்டனில் தொடங்கிய ‘ஒயிட் டுவார்ஃப்’ இதழின் பழைய பிரதிகளைப் புரட்டுவோரின் கண், ‘ஃபீண்ட் ஃபேக்டரி’ என்னும் பகுதியில் தானாகவே நின்றுவிடும். வாசகர்கள் கற்பனை செய்து அனுப்பிய பூதங்கள், கோடுகளை நெருக்கியும் நெகிழ்த்தியும் நிழல் காட்டும் கறுப்பு வெள்ளை ஓவியங்களாக அங்கே நிற்க, அவற்றின் கவச வலிமையும் அடிதாங்கும் திறனும் நடைவேகமும் அருகிலேயே சிறு எண்களாக அடங்கியிருக்கும். வறண்டு தோன்றும் அவ்வெண்கள், பகடை மேசையில் உருண்டு கடகடக்கும்போது உயிர்பெற்று ஆட்டக்காரரை மிரட்டின. அச்சுறுத்த வேண்டும், ஆனால் வெல்லவே முடியாததாகிவிடக் கூடாது என்ற அளவறிந்து ஒரு பூதத்தை வடிப்பதற்குப் பொறுமை வேண்டும். வாசகரின் அப்பூதங்களுள் பல 1981இல் ‘ஃபீண்ட் ஃபோலியோ’ என்னும் தனிநூலில் இடம்பெற்றது, பொழுதுபோக்காக எழுதியோரின் திறமைக்குக் கிடைத்த தகுதியான மதிப்பாகும்.