வலியும் மூச்சும்

மூச்சைக் கவனித்தால் வலி குறையுமா, வாசகர்களே? குறையும் என்கிறார் ஜான் கபாட்-ஜின், 'ஃபுல் கட்டாஸ்ட்ரஃபி லிவிங்' (1990) என்ற நூலில். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1979-ல் அவர் தொடங்கிய மனக்கவனப் பயிற்சியை இந்நூல் விளக்குகிறது.

பௌதிகம் கற்பிப்பவனுக்கு முதலில் எழும் கேள்வி, எதனோடு ஒப்பிட்டார் என்பதே. 1982-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் தீராவலியுள்ள 51 பேர். பலருக்கு வலி தணிந்தது. ஆனால் பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லை. பின்வந்த ஒப்பீட்டு ஆய்வுகள், பலன் உண்டு, ஆனால் சிறிதே என்கின்றன.

இப்பயிற்சியை இறுதிக்கட்ட நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கிறார்கள். நம் பக்கத்துக்கு வருவோம். வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி நெய்யூர் மருத்துவர் ஒருவர் 1933-லேயே 'லான்செட்' இதழில் எழுதினார். அந்நோய் முற்றிக் கிடப்பவரை எண்ணிப் பாருங்கள். நூல் கேட்பது தினம் 45 நிமிடம், 8 வாரம். அவருக்கு அத்தனை நாள் உண்டா? மூச்சே திணறுகிறவரிடம் மூச்சைக் கவனி என்பதும் கொடுமை. ஐந்து நிமிடம் உள்ளங்கைச் சூட்டைக் கவனித்தால் போதாதா? அதுவும் மார்ஃபின் மாத்திரை கொடுத்த பிறகு. கடும் புற்றுவலிக்கு அதை வாய்வழி கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வழிகாட்டியாயிற்று. 'மனதை அடக்கு, வலி போகும்' என்று சொல்லி அதைத் தள்ளிப்போடுவோர் இன்றும் உண்டு.

நோயாளியைவிட, இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துக்கொள்ளும் மகளுக்கே இந்நூல் உதவும். தலையணை அளவுதான் அச்சமூட்டுகிறது.