பிருந்தா – முக்தா: இரு குரலில் ஒரு மரபு

சேர்ந்து பாடுவது வேறு. ஒன்றாகிப் பாடுவது வேறு. கருநாடக இசையில் இவ்வேற்றுமைக்குச் சிறந்த சான்று, பிருந்தா – முக்தா சகோதரியரின் பாட்டாகும். வீணை தனம்மாளின் (1867–1938) பேர்த்தியரான இவர்கள் முறையே 1912இலும் 1914இலும் பிறந்தவர்கள். பாட்டியின் இல்லத்து மரபைப் பெற்றதோடு, காஞ்சீபுரம் நயினாப் பிள்ளையிடமும் பயின்றனர். பிள்ளையவர்கள் லயத்தில் வல்லவர். பாட்டியோ மென்மையின் உறைவிடம். இவ்விரண்டும் பேர்த்தியரிடம் பகையின்றிக் கூடின.

இவர்தம் சிறப்பு பதத்தில் விளங்கும். க்ஷேத்திரக்ஞரின் தெலுங்குப் பதமாயினும், வைத்தீசுவரன்கோயில் சுப்பராமையரின் தமிழ்ப் பதமாயினும், இரு மிடறும் ஒரே வளைவில் எழுந்து ஒரே இடத்தில் அமரும். விரைந்த பாட்டிற் சிறு பிழை மறையும். விளம்ப காலத்தில் மறையாது. ஆதலின் இவ்வமைதி, சோம்பலன்று, அருஞ்சாதனையே.

பெருங்கூட்டத்தை ஈர்க்கும் ஆற்றல் இவர்கள்பால் இல்லையெனக் குறை கூறுவர் சிலர். அது முற்றும் பொய்யன்று. நுண்ணிய கமகம் பெரிய அரங்கின் கடைசி வரிசையை எட்டுவதரிது. எனினும் இராம்நாட் கிருஷ்ணன், அருணா சாயிராம் முதலிய பாடகர்களே பிருந்தாவிடம் பாடங்கேட்டனர். 1976இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருதும் கிட்டியது. கூட்டத்தின் அளவு கலையின் அளவாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இன்னொன்று நினைவிற் கொள்ளத்தக்கது. இப்பதங்களைக் காத்தது தேவதாசி மரபிற் பிறந்த குடும்பம். சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது. அதன் கொடுமை ஒழியவேண்டியதே. ஆனால் உயர்ந்தோர் சபைகள், பாட்டைக் கைக்கொண்டு, காத்தவரை இகழ்ந்தன; சிருங்காரத்தைக் கண்டு முகஞ்சுளித்தன. சகோதரியர் பதத்தின் பொருளைக் குறைத்தாரல்லர், வாதிட்டாருமல்லர், பழுதின்றிப் பாடினர். அதுவே அவர்தம் மறுமொழி.

ஊவா மலைநாட்டார்க்கு இவ்வநீதி புதியதன்று. பதுளைத் தோட்டங்களின் லயங்களில், காமன் கூத்துப் பாடல்களைத் தப்பொலியோடு தலைமுறை தலைமுறையாய் வாய்வழியே காத்தவரும் ஏளனத்துக்கு ஆளானவரே. கூத்தும் பதமும் இலக்கணத்தால் ஒன்றல்ல. செவியும் நினைவுமே ஏடாக நிலைத்தமையால் உறவுடையன. முன்னதை நாட்டார் வழக்கெனத் தள்ளிப் பின்னதைச் சாத்திரமெனத் தொழுவோர், இரண்டும் வாழ்ந்த வழியை அறியாதவராவர்.

பிருந்தா 1996இலும் முக்தா 2007இலும் மறைந்தனர். பாட்டை மதிப்பது, அதைக் காத்த மனிதரையும் மதிப்பதேயாம். இப்பாடமே அவர்கள் விட்டுச்சென்ற செல்வம்.